உப்புக் கரிக்குதா

வலது கண் மட்டும்தான்.
காலை ஆறரைக்கு செந்தூல் தீமோர் நிலையத்தில் தொடங்கும்.
மஸ்ஜிட் ஜாமெக் வருவதற்குள் சட்டைக் காலர் நனைந்துவிடும்.
எதிரில் இருந்த மலாய்க்காரப் பெண்
கைப்பையைத் துழாவி டிஷ்யூ நீட்டினாள்.
என்ன துக்கம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
குழாய் அடைப்பு என்று சொல்லியிருப்பேன்.
வீட்டுக் குழாய் என்று நினைத்திருப்பாள்.

ஜாலான் பகாங் பெரிய ஆஸ்பத்திரியில்
டாக்டர் நோர்ஹயாத்தி
கண்ணின் மூக்கோர முனையில்
மழுங்கிய ஊசி ஒன்றை நுழைத்தார், எறும்புக்கால் தடிமன்.
உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று.
"மாசின்?"
எனக்குப் புரியவில்லை என்று நினைத்து
நர்ஸ் புனிதமலர் தமிழில் கேட்டாள்:
"தொண்டையில உப்புக் கரிக்குதாண்ணே?"
இல்லை.
இன்னும் கொஞ்சம் செலுத்தினார்.
இல்லை.
போன தண்ணீர் போன வழியே திரும்பிக்
கன்னத்தில் வழிந்தது.

கண்ணிலிருந்து மூக்குக்கு எல்லாருக்கும்
ஒரு வாய்க்கால் உண்டாம்.
அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தானாம்.
நாற்பத்து நான்கு வயதில்,
அது தூர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

பிறகு மூக்குக்குள் டார்ச் அடித்தார்.
இடது துளையில் அடித்த வெளிச்சம்
வலது துளையில் வந்து நின்றது.
அறையில் யாரும் பேசவில்லை.
அதற்கப்புறம் புனிதமலர்
என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.

எத்தனை வருஷம்?

பதினொன்று.
சங்காட் புக்கிட் பிந்தாங்கில்
விளக்கும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விட்டோம்,
நானும் ஞானசீலனும்.
தாழிட்ட கழிப்பறை,
கைப்பேசிக் கண்ணாடி மேல் வெள்ளையாய் ஒரு கோடு,
சுருட்டிய ஐம்பது வெள்ளி.
அந்த ஐம்பதுகளில் பாதி அவனுடையவை.
ஒயர், பல்ப், பெட்ரோல் என்று கணக்கில் எழுதினேன்.
ஒரு மாதத்தில் நூற்று நாற்பது பல்ப் எரிந்துபோனதாகக்கூட
எழுதியிருக்கிறேன்.
அவன் கேட்கவேயில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
நான் தின்னவில்லை, உறிஞ்சினேன்.
அதனால்தானோ என்னவோ
வாய்க்கு வரவேண்டிய தண்ணீர்
கண்ணுக்கு வந்துவிட்டது.

புதுசாய் ஒரு வழி வெட்ட முடியாதா என்றேன்.
"கதவு வைக்கலாம். சுவர் எங்கே?"
ஸ்கேன் படத்தில் பேனா முனையால் காட்டினார்.
எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு.
"அந்தப் பக்கம்தான் கண் இருக்கிறது.
இனி ஒரு தடவை இழுத்தால்..."
முடிக்கவில்லை.
சொட்டு மருந்து எழுதினார், நாளைக்கு நான்கு வேளை.
சீழ் கட்டினால் உடனே வரச் சொன்னார்.

ஞானசீலன் போன அன்று மழை.
மாரடைப்பு, படிக்கட்டில், கையில் ஒயர்ச் சுருளோடு.
செராஸ் மின்சுடலையில்
என் இடது கண் காய்ந்து கிடந்தது.
உண்மையைச் சொன்னால் அதுதான் நான்.
வலது கண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
தவமங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.
"அவருக்காக இப்படி அழறது நீங்க ஒருத்தர்தான்."
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
குழாய் அடைப்பு என்று அங்கே எப்படிச் சொல்வது?
பல்ப் கணக்கை எப்படிச் சொல்வது?
ஒரு மனிதன் எரிந்து முடிகிற நேரம் முழுக்க
என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில்
டிஷ்யூ தீர்ந்திருந்தது.
துடைக்காமல் விட்டேன்.
மூக்கின் ஓரமாக, வெளிப்பக்கமாக
அவசரமில்லாமல் இறங்கி
மேலுதட்டைத் தாண்டி உள்ளே வந்தது.

கரிக்கிறது, டாக்டர்.

தவமங்கையின் எண்ணைத் தேடினேன்.
அதே கைப்பேசி, மூலையில் விரிசல் விட்ட அதே கண்ணாடி.
மழை விழுந்து விழுந்து
விரலுக்குப் பெயர் பிடிபடவில்லை.